ஓஃபா நாணயப் பெட்டி: நிமிர்த்தக் கூடாத எழுத்தை நிமிர்த்திவிட்டார்கள்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய பழைய நாணயக் கடைகள் சிலவற்றில் இப்போது ஒரு கறுப்புப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே வெல்வெட் குழிகளில் ஐந்து மாதிரி நாணயங்கள். ஒன்று தங்க நிறம், நான்கு வெள்ளி நிறம். கூடவே மடித்து வைத்த ஒரு விளக்க அட்டை. விலை 1,850 ரூபாய். கொஞ்சம் நின்று பேசினால் 1,600க்கு வரும். தயாரித்தவர் யாரென்று பெட்டியிலும் இல்லை, அட்டையிலும் இல்லை.

ஐந்தும் மெர்சியா அரசன் ஓஃபாவின் காலத்து நாணயங்களின் நகல்கள். மெர்சியா என்பது இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதி. ஓஃபா ஆண்டது 757 முதல் 796 வரை. நம் பக்கத்துக் கணக்கில் அது பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் காலம். உக்கிரன்கோட்டை அன்று கரவந்தபுரம். அந்த ஊர்க்காரரான அமைச்சர் மாறன் காரி ஆனைமலையில் நரசிங்கருக்குக் குடைவித்த கோயிலின் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. அந்த வருடம் ஓஃபா பட்டத்துக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காகப் பெட்டியை வாங்குகிறவர்கள் இந்த ஒப்பீட்டிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பிடி கிடைக்கும்.

முதலில் தங்க நாணயம். பெட்டியின் விலையில் பாதி இதற்காகத்தான் கொடுக்கிறோம், பெட்டியின் பெரிய தப்பும் இதில்தான் இருக்கிறது.

அசல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உலகத்தில் தெரிந்த ஒரே பிரதி அதுதான். எடை 4.28 கிராம், குறுக்களவு சுமார் 20 மி.மீ. பாக்தாத் நகரத்தை உண்டாக்கிய கலீஃபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அப்படியே அடித்த நகல் அது. ஹிஜ்ரி 157 என்ற வருடம்கூட அரபியில் அப்படியே இருக்கிறது. அது கி.பி. 773-774. ஒரு பக்கத்தின் நடுவில் இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை என்ற வாசகம். மறுபக்கத்தின் நடுவில் மூன்று வரியில் முகம்மது இறைவனின் தூதர் என்ற வாசகம். அந்த மூன்று வரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் லத்தீன் எழுத்தில் ‘ஓஃபா ரெக்ஸ்’, அதாவது ஓஃபா அரசன். இதில் கவனிக்க வேண்டியது, அரபி வரிகள் நேராக நிற்கும்படி நாணயத்தைப் பிடித்தால் ஓஃபாவின் பெயர் தலைகீழாக நிற்கும். ஓஃபாவை நிமிர்த்தினால் அரபி கவிழ்ந்துவிடும்.

அச்சு வெட்டிய ஆளுக்கு அரபி எழுத்து வெறும் கோலம். எது மேல், எது கீழ் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கை தேர்ந்த ஆள். அச்சில் எழுத்தை இடம் வலம் மாற்றி வெட்டினால்தான் நாணயத்தில் நேராக விழும். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்களைக் கேட்டால் இந்தச் சிரமம் தெரியும். படிக்கத் தெரியாத எழுத்தை, புள்ளியில்லாத கூஃபி என்ற பழைய அரபி எழுத்து வடிவத்தில், இடம் வலம் மாற்றி, சிறு பிழைகளோடு முழுவதும் வெட்டி முடித்திருக்கிறார். பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் படிக்கத் தெரியாதவரும் கோரையை எண்ணி எண்ணி எழுத்தைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் பாயின் தலைமாடு எது, கால்மாடு எது என்று சொல்ல ஆள் வேண்டும். ஓஃபாவின் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் கூடத்தில், அந்த ஆள் இல்லை.

பெட்டியில் உள்ள நகலில் அரபியும் நேராக இருக்கிறது, ஓஃபாவும் நேராக இருக்கிறார். வடிவமைத்தவர் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து, ‘இதென்ன தலைகீழாக இருக்கிறதே’ என்று திருத்திவிட்டார் போலிருக்கிறது. நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நாணயத்தில் சொல்வதற்கு இருந்த முக்கியமான சேதியே அந்தத் தலைகீழ்தான், அது போய்விட்டது.

போனதோடு நிற்கவில்லை. விளக்க அட்டையில் ‘ஓஃபா இஸ்லாத்தைத் தழுவியவர் என்றும் கூறுவர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை இது. நிமிர்த்திய நகலைக் கையில் கொடுத்து இந்த வரியையும் படிக்கச் சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். நடந்தது வேறு. 786ல் போப் முதலாம் ஹாட்ரியன் அனுப்பிய தூதர்களை வரவேற்றவர் ஓஃபா. 787ல் லிச்ஃபீல்டு ஆயர் பீடத்தைப் பேராயர் பீடமாக உயர்த்த வைத்தவரும் அவரே. அதே 787ல் தன் மகன் எக்ஃபிரித்துக்குத் புனித எண்ணெய் பூசி அரசனாக்கினார். அவருடைய வெள்ளி நாணயங்களில் சிலுவைக்குறி இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரபி வாசகத்தின் பொருள் தெரிந்து ஏற்றுக்கொண்ட அரசன் என்றால், அந்தப் புனித வாசகத்துக்கு நடுவில் தன் பெயரைக் கவிழ்த்து வைக்க விட்டிருப்பானா? மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ அரபி ஓதியவர் ஒருவரிடம் அசலின் படத்தைக் காட்டுங்கள். கூஃபி எழுத்தில் புள்ளி இல்லாததால் ஒரு நிமிடம் தயங்குவார். பிறகு அவரே நாணயத்தைத் திருப்பிப் பிடிப்பார்.

அப்படியென்றால் எதற்காக அடித்தார்கள்? அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் யாரும் மறுக்காத பொன் நாணயம் தினார். நம்பிக்கையுள்ள காசைப் பார்த்து அதே மாதிரி அடிப்பது எல்லா ஊரிலும் நடந்ததுதான். தென்னிந்தியாவிலும் ரோமானியப் பொற்காசுகளைப் பார்த்து அடித்த நகல்கள் கிடைத்திருக்கின்றன. ஓஃபா வருடத்துக்கு 365 மான்கஸ், நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், ரோமுக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார் என்று போப் மூன்றாம் லியோவின் 798ஆம் வருடக் கடிதம் சொல்கிறது. ஏழைகளுக்கும் கோயில் விளக்குக்கும் என்று. ஒரு மான்கஸ் என்பது 30 வெள்ளிப் பென்னிக்குச் சமமான பொன். இந்த நாணயம் அந்தக் காணிக்கையில் ஒன்றுதான் என்று அட்டை அடித்துச் சொல்கிறது. அது ஒரு கருத்து, அவ்வளவுதான். வியாபாரத்துக்காகவும் அடித்திருக்கலாம்.

நகலின் உலோகம் பித்தளை, மேலே தங்க முலாம். தராசில் 3.2 கிராம் காட்டுகிறது. தடிமன் 1.2 மி.மீ. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் பிரச்சினை புரியும். தங்கத்தின் அடர்த்தி 19.3, பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5. அசலின் அளவிலேயே பித்தளையில் செய்தால் 1.9 கிராம்தான் வரும். அசலின் எடை வர வேண்டுமென்றால் இரண்டே கால் மடங்கு தடிமனாக வார்க்க வேண்டும். இவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார்கள். அசலைவிடத் தடியாகவும் இருக்கிறது, லேசாகவும் இருக்கிறது. கையில் வைத்தவுடன் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைத் தொட்ட மாதிரி இருக்கிறது. அளவைக் காப்பாற்றி எடையை விட்டிருந்தால், அல்லது எடையைக் காப்பாற்றி அளவை விட்டிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

அடுத்து வெள்ளி நிறத்தில் நான்கு.

இவற்றில் முதலாவது ஓஃபாவின் முகம் பொறித்த பென்னி. இது நன்றாக வந்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு நயமான முகம் வேறு எந்தக் காசிலும் எளிதில் பார்க்க முடியாது. சுருட்டை முடியின் ஒவ்வொரு சுருளும் நகலில் எண்ணும்படி தெரிகிறது. மூக்கும் தாடையும் மழுங்கவில்லை. எழுத்துகளைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஓரங்கள் கொஞ்சம் உருண்டிருக்கின்றன. வார்ப்பில் அது தவிர்க்க முடியாதது. அச்சில் அடித்த காசில் எழுத்தின் சுவர் செங்குத்தாக எழும். அச்சு அடித்தலில் கீழ் அச்சு மரக்கட்டையில் குத்தி நிற்கும், மேல் அச்சைக் கையில் பிடித்து, இடையில் வெள்ளித் தகட்டு வில்லையை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். தகடு மெல்லியது. அடியில் அது விரிந்து ஓரம் பிளக்கும். பழைய பென்னியின் விளிம்பில் காணும் சிறு வெடிப்பு அப்படி வந்தது. இந்த நகலின் விளிம்போ, வட்டம் போட்டு வெட்டியது போல் இருக்கிறது.

விளிம்பை நன்றாகச் சுற்றிப் பாருங்கள். நான்கிலும் ஏதாவது ஓர் இடத்தில் அரத்தால் ராவிய தடம் இருக்கும். உருகிய உலோகம் அச்சுக்குள் போன வாய் அது. ராவியது சரியில்லையென்றால் அங்கே ஒரு சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், வெல்வெட்டைக் கிழிக்கும். பின்பக்கத்து வெற்றிடத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருந்தால் வார்க்கும்போது காற்று சிக்கியது என்று பொருள். மூன்று நான்கு குழிவரை பரவாயில்லை. எழுத்தின் மேலேயே குழி விழுந்திருந்தால் வேறு பெட்டி கேளுங்கள், கடையில் மாற்றித் தருவார்கள்.

காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, அதனால் வெள்ளி’ என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வெள்ளி, பித்தளை, துத்தநாகம், ஈயம் எதிலுமே காந்தம் ஒட்டாது. ‘அண்ணாச்சி, வெள்ளி முலாம்’ என்பது மட்டும் உண்மை. உள்ளே துத்தநாகக் கலவை. அசல் பென்னி சுமார் 17 மி.மீ. அகலம், 1.3 கிராம் எடை, தடிமன் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். நகலும் 17 மி.மீ.தான், ஆனால் தடிமன் 1.1, எடை 1.7 கிராம். தகடாக இருக்க வேண்டியது பொத்தானாக ஆகிவிட்டது. மெல்லியதாக வார்த்தால் துத்தநாகக் கலவை அச்சின் ஓரம் வரை ஓடாமல் பாதியில் உறைந்துவிடும். அதனால் தடிமனைக் கூட்டியிருக்கிறார்கள். அச்சுப் போட்டு அடித்தால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. ஆனால் அச்சு வெட்டும் செலவில் பெட்டி இந்த விலைக்கு வராது.

தடிமன் கூடியதைக்கூடப் பொறுக்கலாம். நான்கு பென்னியும் ஒரே அகலம், ஒரே எடை என்பதைப் பொறுக்க முடியவில்லை. நான்காவதாக வைத்திருப்பது ஓஃபாவின் கடைசிக் காலத்துக் கனத்த பென்னி. 792 வாக்கில் காசைத் திருத்தியமைத்தபோது முகத்தை எடுத்துவிட்டு, மூன்று வரியில் பெயரும் பட்டமும் மட்டும் போட்டார்கள். எடை 1.4 கிராமுக்கு மேல் ஏறியது, வில்லையும் அகலமானது. ஏறக்குறைய அதே காலத்தில் கடலுக்கு அப்பால் பிராங்க் நாட்டு அரசன் சார்லிமேனும் தன் வெள்ளிக்காசின் எடையைக் கூட்டினார். பழைய பென்னியையும் புதிய பென்னியையும் பக்கத்தில் வைத்தால் கண்ணே வித்தியாசத்தைச் சொல்லும். பெட்டியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே வார்ப்பு வளையத்தில் நான்கையும் வார்த்து நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஓஃபாவுக்கும் சார்லிமேனுக்கும் காசைத் தவிர வேறு வழக்குகளும் இருந்தன. பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் பெண் கொடுப்பதில் மனக்கசப்பு வந்து, 790 வாக்கில் துறைமுகங்களை ஒருவருக்கொருவர் அடைத்தார்கள். பிறகு சமாதானமாகி, 796ல் சார்லிமேன் ஓஃபாவைச் சகோதரர் என்று விளித்துக் கடிதம் எழுதினார். அதில் இங்கிலாந்திலிருந்து வருகிற மேலங்கிகளின் நீளம் குறைந்துவிட்டது, முன்பு வந்த அளவிலேயே வரட்டும் என்று ஒரு புகார். ஜவுளிக்கடையில் வேட்டி நீளம் குறைந்தது என்று சண்டை போடுகிற அதே குரல்! அட்டையில் இதற்கு இடமில்லை. அதற்குப் பதில் ஓஃபா கட்டிய ‘கல் மதில்’ பற்றி அரைப் பக்கம். அது கல் மதில் அல்ல, மண்கரை. வேல்ஸ் பக்கம் அகழி வெட்டி, அந்த மண்ணை இந்தப் பக்கம் அள்ளிப்போட்டு உயர்த்தியது. கடல் முதல் கடல் வரை என்று சுமார் நூறு வருடம் கழித்து அஸ்ஸர் என்ற பாதிரியார் எழுதினார். தரையில் பார்த்தால் நடுவில் இடைவெளிகள் உண்டு.

வெள்ளி நிறக் காசுகளில் மூன்றாவது கான்டர்பரிப் பேராயர் யான்பெர்ட்டினுடையது. ஒரு பக்கம் அவர் பெயர், மறுபக்கம் ஓஃபா பெயர். வேலைப்பாடு சுமார். ஆனால் இதைச் சேர்த்ததற்குப் பாராட்ட வேண்டும். கான்டர்பரி கென்ட் நாட்டில் இருக்கிறது. கென்ட் ஓஃபாவுக்கு அடங்கியும் அடங்காமலும் இருந்தது. 776ல் ஓட்ஃபோர்டில் போர் நடந்தது, 785 வாக்கில்தான் முழுக் கட்டுப்பாடு வந்தது. யான்பெர்ட்டுக்கும் ஓஃபாவுக்கும் ஆகவில்லை. லிச்ஃபீல்டில் இன்னொரு பேராயரை உண்டாக்கியதே இவருடைய அதிகாரத்தைப் பாதியாக்கத்தான். முகம் பார்க்கப் பிடிக்காத இரண்டு பேரின் பெயரும் ஒரே காசில் முதுகோடு முதுகாக இருப்பதை வகுப்பில் காட்டினால் பாடம் தானே நடக்கும். ஓஃபா இறந்த பிறகு லிச்ஃபீல்டின் பேராயர் பட்டம் 803ல் நீக்கப்பட்டது. இவ்வளவு பாடுபட்டு அரசனாக்கிய மகன் எக்ஃபிரித்தும் 141 நாள்தான் இருந்தான்.

இரண்டாவது குழியில் இருப்பது ராணி சினெத்ரித்தின் பென்னி. ஐந்தில் நல்லது இதுதான். ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் தன் பெயரில் காசு வெளிவந்த ராணி இவர் ஒருவரே. நகலில் முடியின் அலை, தோளின் மடிப்பு, பின்பக்கத்தில் நடுவே மெர்சியாவைக் குறிக்கும் ‘எம்’ எழுத்து, அதைச் சுற்றி ராணி என்ற பட்டத்தோடு பெயர், எல்லாம் பிசகாமல் விழுந்திருக்கிறது. பெயரில் வரும் குறுக்குக் கோடிட்ட ‘டி’ எழுத்தைக்கூட விடவில்லை. அது பழைய ஆங்கிலத்தில் வழங்கிய எழுத்து. மலிவு நகல்களில் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள்.

அட்டைதான் மறுபடியும் கெடுக்கிறது. முகத்தின் பக்கம் ‘ஈயோபா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ‘ராணியும் மன்னர் ஈயோபாவும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஈயோபா மன்னர் இல்லை, காசு அடித்த அக்கசாலைக்காரர். அந்தக் காசில் எடையோ மாற்றோ குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காகத்தான் அவர் பெயர் அதில் இருக்கிறது. ராணியின் காசு முழுவதும் அவர் கையில்தான் அடிபட்டது. கொற்கைப் பக்கம் அக்கசாலை என்ற சொல் கோயில் பெயரில் இன்னும் நிற்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வரி போதும், அந்த ஒரு வரி அட்டையில் இல்லை.

இன்னொரு பிழை, இங்கிலாந்தில் வெள்ளிப் பென்னியை முதலில் அடித்தவர் ஓஃபா என்பது. அகலமான மெல்லிய வெள்ளிக்காசு, சார்லிமேனின் தந்தை பெப்பின் 755 வாக்கில் செய்த திருத்தத்தைப் பார்த்து வந்தது. கென்ட்டின் சிற்றரசர்களும் அந்த ஆரம்ப வருடங்களில் அடித்திருக்கிறார்கள். ஓஃபா செய்தது, அதைத் தன் பெயரில் பெருவாரியாக அடித்து நிலைநிறுத்தியது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை ஓடியது. ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி என்ற நம் கணக்கு 1957 ஏப்ரல் 1ல் முடிந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஒப்பீடு சுவையாக இருக்கும்.

வாங்கிய பிறகு செய்யக் கூடாதவை முக்கியம். வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் துடைக்கிற பழக்கத்தில் இதையும் துடைத்தால் முலாம் நாலே தடவையில் போய், மூக்கும் முடியும் சாம்பல் நிறத்தில் வெளியே வரும். புளி கூடவே கூடாது. துத்தநாகத்தைப் புளி உடனே அரிக்கும், காசு கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். பித்தளைக்குப் புளி ஒத்துவரும் என்று தினாரைத் தேய்த்தால் தங்க முலாம் புளியோடு போகும். காய்ந்த பருத்தித் துணி மட்டும் போதும். ஓரத்தை இரண்டு விரலால் பிடியுங்கள். சித்திரை வைகாசி வேர்வையில் வகுப்பு முழுவதும் கை மாறினால் ஒரே வருடத்தில் முலாம் தேய்ந்துவிடும். 20 மி.மீ. அளவுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா தனியாகக் கிடைக்கிறது, அதில் போட்டுக் கொடுங்கள். மெல்லிய, வளைகிற பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நாளாவட்டத்தில் அதிலிருந்து பிசுபிசுப்பு இறங்கிப் பித்தளையில் பச்சை பூக்கும்.

நகல் என்று காசின் மேல் எங்கும் பொறிக்கவில்லை. இந்தத் தடிமனில் யாரும் அசல் என்று ஏமாற மாட்டார்கள் என்றாலும், ‘நகல்’ என்ற சொல்லை விளிம்பில் பொறிக்க ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

பெட்டியாக வாங்குவதைவிட, கேட்டால் சில கடைகளில் தனித்தனியாகப் பிரித்தும் கொடுக்கிறார்கள். சினெத்ரித்தும் ஓஃபாவின் முகமும் சேர்த்து 500 ரூபாய்க்குள் வந்தால் வாங்கலாம். யான்பெர்ட் பாடத்துக்கு வேண்டுமென்றால் மட்டும். கனத்த பென்னி இந்த அளவில் வேண்டாம். தினாரைப் பொறுத்தவரை, அடுத்த வார்ப்பில் திருத்தியிருக்கிறார்களா என்று கடையிலேயே பார்த்துவிடலாம், அரபி தெரிய வேண்டியதில்லை. ஓஃபாவின் பெயர் இருக்கும் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் உயரமான கோடுகள் மேல்நோக்கி நிற்கும்படி பிடியுங்கள். இப்போது ஓஃபாவின் பெயர் உங்களுக்கு நேராகப் படிக்க வந்தால், காசைத் திருப்பிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.